குவிமாடமும் குடிசையும்

(காவலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீட்டுக்குள் வெப்பம் வராமல் தடுக்க எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போது எனக்கே ஒரு கூச்சம். இது தை மாதம். பாதிப்பேர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர், அதாவது 2,400 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற வேலூரில், வாணியம்பாடியில் பேச வேண்டியதைக் காவலூரில் வந்து பேசலாமா?

அப்படி நினைத்துக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினேன். மரங்களுக்கு மேலே வெளுப்பாகக் குவிமாடம் தெரிந்தது. கூச்சம் போய்விட்டது. வெப்பத்தை எங்கே தடுப்பது, எப்போது தடுப்பது, எப்போது வெளியே விடுவது என்ற கேள்வியோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் குடித்தனம் நடத்திவரும் வானாய்வுக்கூடம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது!

வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கி வைக்க இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தது 1960-களில். 1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977 மார்ச்சில் உலகம் அறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது. இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. பகலெல்லாம் அந்தக் குவிமாடம் ஏன் மூடிக் கிடக்கிறது?

மழைக்காக, தூசிக்காக என்பீர்கள். அதுவும் சரி. ஆனால் வெயிலுக்காகவும்தான். சித்திரை மாதத் தார்ச்சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தால், தூரத்தில் வரும் வண்டி தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். சூடான காற்று மேலே எழும்புவதால் வரும் நெளிவு அது. குவிமாடத்துக்குள் பகலில் சூடு புகுந்துவிட்டால், இரவில் கதவைத் திறந்ததும் அதே நெளிவு கண்ணாடிக்கு முன்னால் ஆடும். விண்மீன் புள்ளியாகத் தெரியாது, அப்பிக்கொண்டு தெரியும். கோடிக்கணக்கான ரூபாய்த் தொலைநோக்கியைத் தோற்கடிக்க உள்ளே நாலு டிகிரிச் சூடு மிச்சமிருந்தால் போதும். அதனால்தான் உலகத்தில் எந்த ஊர்த் தொலைநோக்கி மாடமானாலும் மூன்று காரியம் செய்வார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் நிறத்தில் வெளிப்புறம். சுலபத்தில் சூட்டை உள்ளே விடாத சுவர். பகலில் மூடு, பொழுது சாய்ந்ததும் திற என்ற ஒழுங்கு.

நிறம், தடுப்பு, திறந்து மூடும் நேரம். இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு. விண்மீனுக்குச் செய்கிற உபசாரத்தை வீட்டில் தூங்குகிற குழந்தைக்குச் செய்யக்கூடாதா?

முதலில் வெப்பத்தின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். அது மூன்று வழியில் வரும். தாய்மார்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுப்பிலிருந்து குண்டானை இறக்கும்போது கரித்துணி இல்லாமல் தொட்டால் கை சுடுகிறதே, அது ஒரு வழி. ஒரு பொருளிலிருந்து தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த பொருளுக்குத் தாவுவது. சோற்றுப் பானையைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்கிறதே, அது காற்றில் ஏறி வருவது. அடுப்பைத் தொடாமல், ஆவியும் படாமல், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால் சுடுகிறதே, அது மூன்றாவது. கதிராக வருவது. சூரியன் நமக்கு அனுப்புவது இந்த மூன்றாவது வழியில்தான்.

கரித்துணி ஏன் சுடவில்லை? துணி நூலால் ஆனது, நூலுக்கு நடுவில் காற்று சிக்கிக் கிடக்கிறது. அசையாத காற்றைப்போல் வெப்பத்தைத் தடுக்கும் மலிவான பொருள் உலகத்தில் இல்லை. தெர்மாகோல் என்பது என்ன? பிளாஸ்டிக்குக்குள் அடைத்த காற்று. கிளாஸ் வூல் என்பது? கண்ணாடி இழைக்குள் அடைத்த காற்று. பஃப் என்று கடைக்காரர் சொல்கிறாரே, குளிர்பதனப் பெட்டியின் கதவுக்குள் மஞ்சளாக இருக்குமே, அது நுரைக்குள் அடைத்த வாயு. கம்பளி, வைக்கோல், உமி, மரத்தூள் எல்லாம் அதே கதைதான்.

மரத்தூள் என்றதும் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் நினைவுக்கு வருகிறது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபிரடெரிக் டூடர் என்ற வியாபாரி, அங்கே குளிர்காலத்தில் ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது ஏறத்தாழ 180 டன். நாலு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு தரம் தாண்டவேண்டும். இறக்கும்போது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது! மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது. மரத்தூள் போன்ற, வீணாகிற சரக்கைச் சுற்றி அடைத்த சாமர்த்தியம்தான். பின்னால் மதராசுக்கும் பனிக்கட்டி வந்து இறங்கியது. அதைச் சேமிக்க எழுந்ததுதான் அந்தக் கட்டடம்.

சரி, நம் குடிசைக்கு வருவோம். இந்த மலையில் உங்கள் பாட்டன் கட்டிய வீடு எது? மூங்கில் வரிச்சு கட்டி, மண் அப்பிய சுவர். மேலே புல் கூரை. அரை அடி கனத்துக்கு நன்றாக வேய்ந்த புல் கூரையையும், ஆறு அங்குல கான்கிரீட் தளத்தையும் நான் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரே வெயிலில், கான்கிரீட் உள்ளே விடுகிற வெப்பம் புல் கூரை விடுவதைப்போல ஆறேழு மடங்கு. ஆறேழு மடங்கு! பாட்டன் பொறியியல் கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் கான்கிரீட் வீட்டுக்கு நாம் இன்று காசு கொடுத்து வாங்கப் போகும் பொருள் அவர் தலைக்கு மேலே இருந்தது.

உடனே குடிசைக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். பட்டணத்திலிருந்து வந்து குடிசையைப் புகழ்ந்துவிட்டு, ராத்திரி ஏசி அறையில் போய்ப் படுக்கிறவர்களை எனக்கும் தெரியும். கூரை வேய்கிற செலவு யாருக்கு? மழைக்கு ஒழுகும்போது பாத்திரம் வைப்பது யார்? கூரையிலிருந்து பாம்பு விழுந்தால் யார் தலையில் விழும்? எல்லாவற்றுக்கும் மேல் நெருப்பு. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அன்றைக்குப் பிறகு இந்த மாநிலத்தில் கீற்றைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. மாறத்தான் வேண்டும்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் வந்தது. 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை. நல்லது. நெருப்புக்குப் பயமில்லை, பாம்புக்குப் பயமில்லை. ஆனால் புல் கூரை செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையை இனி யார் செய்வது? அந்த வேலைக்கு ஆள் போடாமலே பழைய ஆளை அனுப்பிவிட்டோம். அந்தக் காலியிடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

கான்கிரீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாங்கின கடனைத் தாமதமாகக் கொடுக்கும். பகல் இரண்டு மணி வெயில் உள்ளே வந்து சேர இரவு ஏழாகும். சித்திரையில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றிபோல் இருக்கும். வெளியே மலைக்காற்று குளிர்ந்துவிட்டது, தெருநாய்கூட சுகமாகப் படுத்திருக்கிறது. உள்ளே மனிதன் விசிறிக்கொண்டிருக்கிறான். மின்விசிறியைப் போட்டால் அது அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

அப்படியானால் எங்கே தடுக்க வேண்டும்? உள்ளேயா, வெளியேயா? கூரைக்குக் கீழேயா, மேலேயா?

மேலே! திருடனை வாசலில் நிறுத்துவோமா, படுக்கையறைக்கு வந்தபிறகு நிறுத்துவோமா? கீழே தெர்மாகோலும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் ஓரளவு பயன் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தளம் முழுச் சூட்டையும் வாங்கிக்கொண்டு பகலில் விரியும், இரவில் சுருங்கும், நாளடைவில் வெடிப்பு விடும், அதன் வழியே ஆடிமாதத்தில் தண்ணீர் இறங்கும். மேலே போட்டால் வீட்டுக்கும் நிழல், தளத்துக்கும் நிழல்.

இதை நான் எப்படிக் கற்றேன் தெரியுமா? என் வீட்டைப் பாழாக்கிக் கற்றேன். இருபது வருடத்துக்கு முன், கடைக்காரர் ஒருவர் பளபளவென்று அலுமினியத் தாள் சுருள் காட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சார் என்றார். பொய் சொல்லவில்லை. அலுமினியம் அப்படித்தான், மேலே இருக்கும் தொலைநோக்கிக் கண்ணாடிக்குப் பூசியிருப்பதும் அலுமினியம்தான். நான் அதை மொட்டைமாடியில் விரித்து, மேலே சிமெண்டுக் கலவை போட்டு, ஓடு பதித்தேன். பொறியாளன் நான்! சித்திரை வந்தது. ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. என் மனைவி, “தாள் வேலை செய்யுதா?” என்று தினமும் விசாரிப்பாள். செய்யாது. கதிராக வருவதைத்தான் அந்தத் தாள் திருப்பும். முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் கதிர் என்ற ஒன்றே உண்டு. கலவைக்குள் புதைத்துவிட்டால் அது வெறும் உலோகத் தகடு. சூட்டைத் தொட்டு வாங்கித் தொட்டுக் கொடுக்கும். சிமெண்டு அதை அரிக்கவும் செய்யும். பளபளக்கும் தாள் வாங்குகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு பக்கமாவது ஓர் அங்குலக் காற்று வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, கட்டையிலிருந்து தொங்கவிட்டுக் கட்டினால் அதே தாள் தங்கம்.

தகரம் என்றேன். கலர் ஷீட் போட்ட வீடுகளும் இங்கே இருக்கின்றன. தகரத்துக்குத் தாமதம் கிடையாது, வெயில் ஏறினால் உடனே சுடும், மேகம் வந்தால் உடனே ஆறும். அவர்களுக்கு மருந்து வேறு: கீழே தாளோ, மூங்கில் தட்டியோ, நடுவே காற்றோடும் இடைவெளி. புதிதாகப் போடுகிறவர்கள் கையில் காசு இருந்தால் நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் வாங்கலாம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கான்கிரீட் கூரைக்கு என்ன போடலாம்? நம் ஊர் மேஸ்திரிகளைக் கேட்டால் சுருக்கி போடலாம் என்பார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டித்தட்டி இறுக்குவார்கள். அந்தத் தட்டுகிற தாளம் என் சிறுவயதில் ஒவ்வொரு புதுவீட்டிலும் கேட்கும். மேலே தட்டோடு. மழைக்கு அது மிக நல்ல வேலை. ஆனால் வெப்பத்துக்கு? நாம் நினைக்கிற அளவு இல்லை. நாலு அங்குலச் சுருக்கி, உள்ளே வரும் வெப்பத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் குறைக்கும். பாரம்பரியம் என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுத என்னால் முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஓர் அங்குலக் கனமுள்ள பஃப், வெப்பத்தைத் தடுப்பதில் ஐந்தடிக் கனமுள்ள கான்கிரீட்டுக்குச் சமம். ஐந்தடி! கோட்டைச் சுவர் கனம். சாதாரணத் தெர்மாகோல்கூட ஓர் அங்குலத்துக்கு மூன்றரை அடி கான்கிரீட்டுக்கு மேல் நிற்கும். வீடுகளுக்கென்று மத்திய அரசு 2018-இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதி வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக்கூடாது என்கிறது. நம் வெறும் கான்கிரீட் கூரை விடுவது மூன்றுக்கும் மேலே. ஆனால் ஓர் அங்குல நல்ல நுரைப்பலகை மேலே போட்டால் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பெரிய மலையைப் புரட்டச் சொல்லவில்லை, ஓர் அங்குலம்தான்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது தண்ணீர். நனைந்த கம்பளி குளிரைத் தாங்குமா? நனைந்த நுரையும் அப்படித்தான். உள்ளே இருந்த காற்று போய்த் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் போட்ட காசு போச்சு. ஆகவே முதலில் தளத்துக்கு வாட்டர் புரூஃபிங், அதன்மேல் தண்ணீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் மாதிரியான கெட்டிப் பலகை, அதன்மேல் கம்பிவலை வைத்த கலவை, அதன்மேல் வெள்ளை ஓடு. இந்த வரிசை மாறக்கூடாது. மேஸ்திரி மாற்றச் சொன்னாலும் மாறக்கூடாது.

இரண்டாவது நெருப்பு. கும்பகோணத்தைச் சொன்னேன். லண்டனில் 2017 ஜூன் 14 இரவு, கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் 72 பேர் இறந்தார்கள். அழகுக்கும் குளிர்காப்புக்குமாகச் சுவருக்கு வெளியே போர்த்திய பிளாஸ்டிக் சார்ந்த பலகைகள் வழியே தீ மாடி மாடியாக ஏறியது. கீற்றை நெருப்புக்குப் பயந்து எடுத்துவிட்டு, அடுப்புக்கு மேலே மூடாத தெர்மாகோலைத் தொங்கவிட்டால் என்ன அர்த்தம்? வீட்டுக்குள்ளே போடுவதானால் எரியாத ராக்வூல், கிளாஸ் வூல் போடுங்கள். கான்கிரீட் வீட்டில் நுரை என்றால் தளத்துக்கு மேலே, கலவைக்கு அடியில் மட்டுமே அதற்கு இடம்.

ஒரே பொருள் எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள். உங்கள் மலையில் தொலைநோக்கி வைத்திருக்கும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் இன்னொன்று வைத்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போவது சாதாரணம். லடாக்குக்காரர் கனமான மண்சுவர் வைத்து, தெற்கே பெரிய சன்னல் வைத்து, வெயிலை உள்ளே அழைத்துப் பூட்டி வைக்கிறார். அவருக்கு வெயில் விருந்தாளி. வாணியம்பாடிக்காரருக்கு வெயில் கடன்காரன். காவலூர்க்காரருக்கு? சித்திரையில் கடன்காரன், மார்கழியில் விருந்தாளி! இங்கேதான் நீங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். வெள்ளையடிப்பு வெயிலை மட்டும் திருப்பும், குளிருக்கு உதவாது. நுரைப்பலகை இரண்டு பக்கமும் காவல் காக்கும். கோடையில் வெப்பத்தை உள்ளே விடாது, தையில் அடுப்புச் சூட்டை வெளியே விடாது. இரண்டும் செய்ய வசதி உள்ளவர் இரண்டும் செய்யட்டும்.

இந்த மலை உங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது ஒன்று உண்டு. சென்னையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இராத்திரிக் குளிர்! கோடையில் காலை பத்து மணிக்குச் சன்னலைச் சாத்துங்கள், பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுங்கள். குவிமாடத்துக்காரர்கள் செய்வது அதைத்தான். கூரை மேலே தடுப்பும், கீழே இராக்காற்றில் குளிர்ந்த தளமும் சுவரும் இருந்தால், மறுநாள் மதியம்வரை அந்தக் குளிர்ச்சி நிற்கும். கனமான சுவர் எதிரியல்ல. வெயிலில் நிற்கும் கனம் எதிரி, நிழலில் நிற்கும் கனம் நண்பன்.

காசு இல்லாதவருக்கு என்ன வழி என்று சொல்லாமல் நான் இறங்கக்கூடாது. அகமதாபாத் நகரம் 2013-லேயே வெப்ப அலைக்குத் திட்டம் போட்டது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. நம் மாநிலம் 2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்திருக்கிறது. அகமதாபாதிலும் தெலங்கானாவிலும் ஏழைகளின் கூரைக்கு முதல் மருந்தாக எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? வெள்ளைப் பூச்சு. சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பும். புதுச் சுண்ணாம்பு நாலில் மூன்று பங்கைத் திருப்பும். நூற்றுக்கணக்கில் முடிகிற செலவு இது, ஆயிரக்கணக்கு இல்லை.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். புதுவீடு, போன மாதம்தான் தளத்துக்குச் சாரம் பிரித்தார்களாம். “எல்லாம் கட்டி முடிச்சாச்சுங்க, கையில காசும் முடிஞ்சாச்சு. இப்ப என்னாங்க பண்றது?” என்றார். அம்மா, முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த வருடம் பலகையும் வேண்டாம், பேனலும் வேண்டாம். முந்நூறு சதுர அடித் தளம். பங்குனி பிறப்பதற்குள் ஒருநாள் விளக்குமாற்றால் நன்றாகக் கூட்டி, தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, இரண்டு கோட்டு அடியுங்கள். முதல் கோட்டு காய்ந்தபிறகு இரண்டாவது, குறுக்குவாட்டில். தூசி படிந்து, மழையில் கரைந்து வெளுப்பு போகும், வருடா வருடம் அடிக்க வேண்டும். வேய்கிற வேலை போய்விட்டது, வெள்ளையடிக்கிற வேலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை, காசு சேர்ந்தபிறகு வரட்டும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க மறந்துவிட்டேன். இந்தச் சின்ன வீடுகளுக்குப் பெரும்பாலும் மாடிப்படி வைப்பதில்லை. ஏணி யார் வீட்டில் இருக்கிறது?